மாசி 19 வரை காத்திருந்த அய்யா

அய்யா துணை



மாசி 20 என்றால் அய்யா வைகுண்டரின் அவதார தினம் என்று நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். திருச்செந்தூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வாகனப் பேரணிகள் புறப்பட்டு நாகர்கோவிலில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து காவிக்கொடி பிடித்துத் தலைப்பாகை கட்டி மக்கள் சாமித்தோப்புக்கு நடக்கிறார்கள். குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் அன்று விடுமுறையும் உண்டு. ஆனால் அதற்கு முந்தின நாளாகிய மாசி 19-ஐப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஏன் ஒரு பேரணி புறப்பட வேண்டும் என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. அய்யா சிறையிலிருந்து வெளியே வந்த நாள் அது. அந்த நாளுக்கு முன்பே அவர் வெளியே வந்திருக்கலாம். வழி இருந்தும் வரவில்லை. இந்தச் சிறு பிரதி அதைச் சொல்லவே எழுதப்படுகிறது.

அய்யா பிறந்தது கொல்லம் 984-ஆம் ஆண்டு மாசி மாதம், ஆங்கிலக் கணக்கில் 1809. தென் திருவிதாங்கூரில், இன்று சாமித்தோப்பு என்று நாம் கும்பிடும் ஊருக்கு அப்போது சாஸ்தான்கோவில்விளை என்று பெயர். தகப்பனார் பொன்னு நாடார், தாயார் வெயிலாள். பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறிப் பிழைக்கிற குலத்தில் பிறந்த பிள்ளை முடி சூடுவதா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். பெற்றவர்கள் பயந்து முத்துக்குட்டி என்று பெயரை மாற்றிக் கூப்பிட்டார்கள். பெயரைக்கூடச் சொந்த விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத காலம் அது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அய்யா செய்ததன் கனம் விளங்காது. சான்றோர் குலத்தார் தலைக்கு வரி கட்டினார்கள், பனைக்கு வரி கட்டினார்கள். கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கப் பெண்களுக்கு அனுமதியில்லை, தலையில்தான் சுமக்க வேண்டும். மார்பை மறைத்துத் துணி போட்டால் தண்டனை. இவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த மற்ற சாதியாரின் நிலை இன்னும் மோசம்.

இப்படி மாட்டிக்கொண்ட மனிதன் என்ன செய்வான்? கைக்கு எட்டியதையெல்லாம் பிடிப்பான். பேய்க்கு ஆடு கோழி வெட்டினார்கள். மந்திரவாதிக்குப் பணம் கொடுத்து ஏவலும் செய்வினையும் வைத்தார்கள். அதிகாரிக்குக் கைக்கூலி கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் வெள்ளைக்காரப் பாதிரிமார்களின் நிழலைத் தேடிப் போனார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. முழுகுகிறவன் துரும்பையும் பற்றுவான். ஆனால் பிடித்த ஒவ்வொரு துரும்புக்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பேய்க்குப் பயந்தவன் பேய்க்கு அடிமையானான், மந்திரவாதியை நம்பியவன் அவனுக்குக் கடன்காரனானான்.

முத்துக்குட்டி சிறு வயதிலேயே திருமாலிடம் பக்தி கொண்டிருந்தார். வீட்டிலேயே ஒரு பீடம் வைத்து வணங்கி வந்தார். பனைத்தொழிலும் பயிர்த்தொழிலும் செய்து வாழ்ந்தார். புவியூரைச் சேர்ந்த திருமாலம்மாள் அவருக்கு இல்லறத் துணையானார். 22-ஆம் வயதில் கடுமையான நோய் வந்து உடம்பு உருக்குலைந்தது. ஏறக்குறைய இரண்டாண்டு படுக்கை. பனை ஏறின கால்கள் திண்ணையைத் தாண்டவில்லை. இளமையின் பலம் என்பது எவ்வளவு தூரம் வரும் என்று அந்த வீடு கண்டது.

தாயார் வெயிலாளுக்கு ஒரு கனவு வந்தது. மகனைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டு வரும்படி அதில் நாராயணர் உரைத்தார். நடக்க முடியாத பிள்ளையைத் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு உறவினர்கள் புறப்பட்டார்கள். கொல்லம் 1008, அதாவது 1833-ஆம் ஆண்டு. செந்தூருக்குப் போனதும் நோயாளி கடலுக்குள் இறங்கினார். அலை மூடியது. ஆள் வரவில்லை. கூட வந்தவர்கள் தேடிச் சோர்ந்தார்கள். தாய் மட்டும் கரையிலேயே இருந்தார். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். அந்தத் தாய்க்கு நீந்தத் தெரியுமா, படகு பிடிக்கப் பணம் இருந்ததா என்பதெல்லாம் கதையில் இல்லை. காத்திருந்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

அந்த மூன்று நாளில் கடலுக்குள் என்ன நடந்தது என்பதை அகிலத்திரட்டு அம்மானை விரிவாகச் சொல்கிறது. நாராயணர் தம் மகனாக வைகுண்டரைப் பெற்றெடுத்து, உலகில் அவர் செய்ய வேண்டியதையெல்லாம் விஞ்சையாக அருளினார். விஞ்சை என்றால் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்த கட்டளையும் வழிமுறையும் ஆகும். என்னென்ன துன்பம் வரும், எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். மாசி 20 அன்று கரையேறி வந்தவரைத் தாயார் மகனே என்று கட்டிக்கொள்ள ஓடினார். தாம் இனி அந்த அம்மாளின் மகன் அல்ல, நாராயணரின் மகன் என்று அய்யா அறிவித்தார். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

இந்த விஞ்சையை மறந்துவிட்டு அய்யாவின் வாழ்வைப் படித்தால் பல இடங்கள் புரியாது. எல்லா வல்லமையும் உள்ளவர் ஏன் அடி வாங்கினார், ஏன் சிறை போனார் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தம் இஷ்டப்படி ஒன்றும் செய்வதில்லை என்று வந்தவர் அவர். தந்தை சொன்ன நேரம், தந்தை சொன்ன வழி. வல்லமை இருந்தும் அதைத் தமக்காக எடுக்காமல் வைத்திருப்பது, வல்லமை இல்லாதவன் சும்மா இருப்பதைப் போன்றது அல்ல.

செந்தூரிலிருந்து நடந்து தெட்சணம் வந்தவர் தவத்தில் அமர்ந்தார். ஆறாண்டுத் தவம், இரண்டிரண்டு ஆண்டாக மூன்று நிலை. முதல் இரண்டாண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்து தரையில் அமர்ந்து. பிறகு உயர்ந்த பீடத்தின் மேல். ஆகாரம் பால் மட்டுமே.

அன்னவாசல் பக்கத்து மக்களுக்குத் தவம் என்றால் கண்ணில் தெரிவது சித்தன்னவாசல் மலைதான். ஏழடிப்பட்டத்துக்குப் போகும் பாறைச் சரிவில் பங்குனி வெயிலில் வெறுங்காலோடு நின்று பார்த்தவருக்கு அந்த இடத்தின் கடுமை தெரியும். மேலே குகைத்தளத்தில் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒரு படுக்கையின் ஓரத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. சமணத் துறவிகள் ஊரை விட்டு ஒதுங்கி, தலையணைபோல் மேடு வைத்த அந்தக் கல்லில் படுத்து, உடலை ஒறுத்துத் தம் வினையைக் கழித்தார்கள். பெரிய காரியம்தான். அய்யாவின் தவம் வேறு வகை. அவர் ஊரை விட்டுப் போகவில்லை. மக்கள் நடமாட்டத்துக்கு நடுவே குழி தோண்டி இறங்கினார். முதல் தவம் இந்த யுகம் மாறுவதற்காக, இரண்டாவது தாழ்ந்து கிடக்கும் சாதிக்காக, மூன்றாவது பெண் மக்களுக்காகவும் முன்னோருக்காகவும் என்று அகிலம் பகுத்துச் சொல்கிறது. தமக்கென்று ஒரு நாள் தவம்கூட அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே தவமும் ஒரு சொந்த முயற்சிதானே என்று வாதம் செய்ய இடமில்லை. அது ஏவப்பட்டுச் செய்த பணிவிடை.

தவம் நடந்த இடத்துக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. நோயாளிகள் வந்தார்கள், தண்ணீரும் மண்ணும் வாங்கிப் போய்ச் சுகம் கண்டார்கள். பேய்களின் வலிமையை அய்யா எரித்தார், மந்திரவாதிகளின் வித்தைகளை ஒப்புவிக்கச் செய்தார் என்பது வரலாறு. அதாவது மக்கள் இத்தனை நாள் கைப்பிடித்து நின்ற கோல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். இனிப் பேய்க்குப் பலி வேண்டாம், உண்டியல் வேண்டாம், பூசாரி வேண்டாம். சாதி பார்க்காமல் ஒரே இடத்தில் கூடினார்கள், ஒரே பந்தியில் உண்டார்கள். அரசுக்கு இதுதான் பொறுக்கவில்லை.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. சங்கீதத்தில் இன்றும் பெயர் சொல்லப்படுகிறவர். அந்த வம்சத்து மன்னர்களுக்குப் பத்மநாபதாசர் என்று பட்டம் உண்டு. 1750-ல் மார்த்தாண்ட வர்மா தம் இராஜ்ஜியத்தைப் பத்மநாபசாமிக்கே எழுதிக் கொடுத்து, சாமியின் அடிமையாக இருந்து ஆள்வதாக உடைவாளை நடையில் வைத்து எடுத்தார். புதுக்கோட்டைச் சீமையாருக்கு இது புதிதல்ல. நம் தொண்டைமான் மன்னர்களும் திருக்கோகர்ணத்து அம்மனுக்கு அடிமை என்று பிரகதாம்பாள் தாசர் என்ற பட்டம் தரித்தார்கள். நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்த அம்மன் காசில் அம்பாள் உருவத்தைத்தான் பொறித்தார்கள். நாடு சாமியுடையது, ஆள்கிறவன் வேலைக்காரன் என்பது உயர்ந்த எண்ணம். அப்படி எழுதிக் கொடுத்த வீட்டிலிருந்துதான் நாராயணரின் மகனைக் கட்டி இழுத்து வர ஆள் புறப்பட்டது. பட்டத்தில் தாசனாக இருப்பது சுலபம்.

மன்னர் சுசீந்திரத்துக்கு வந்திருந்தபோது அய்யாவைப் பற்றிக் குறை சொல்லப்பட்டது. சபையில் இருந்த பூவண்டர் என்பவர் மட்டும், திருமால் எந்தக் குலத்திலும் வந்து பிறக்கக்கூடியவர், அவசரப்பட வேண்டாம் என்ற கருத்தில் பேசினார். பூவண்டர் சான்றோர் குலத்தவர் அல்லர், இடையர் குலத்தவர். அரசனின் கோபத்துக்கு நடுவே இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். மன்னர் கேட்கவில்லை. 1838-ல் சேனை புறப்பட்டது.

செய்தி சாமித்தோப்புக்கு முன்னமே எட்டிவிட்டது. ஆயிரக்கணக்கில் கூடியிருந்தவர்களில் பனையேறும் இளைஞர்கள் நிறையப் பேர். இடுப்பில் எப்போதும் பாளை அரிவாள் இருக்கும் கூட்டம் அது. அய்யாவைத் தொட விடமாட்டோம், ஒரு கை பார்க்கிறோம் என்று எழுந்தார்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அன்று ரத்தம் ஓடியிருக்கும். முதல் மோதலில் ஜெயித்தும் இருக்கலாம். அய்யா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பொறுத்திருக்கும்படி மக்களை அமர்த்தினார். வருவது தெரிந்தே வந்ததாகவும், நடத்துகிறவர் நடத்துவார் என்றும் அவர்களைத் தேற்றினார். மக்களின் பலத்தையும் தமக்குக் கேடயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வந்தவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், கட்டினார்கள், அடித்தார்கள். சுசீந்திரம் வரை அப்படியே நடத்திக் கொண்டு போனார்கள். அழுதுகொண்டே மக்கள் பின்னால் போனார்கள். அங்கே மன்னர் தம் கைக்குள் ஒரு மோதிரத்தை மறைத்துக்கொண்டு, இது என்ன என்று சொல்லச் சொன்னார். அய்யா வாய் திறக்கவில்லை. இந்த இடத்தில் பக்தருக்கு ஒரு ஏக்கம் வரும். சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அன்றே மாலை போட்டு அனுப்பியிருப்பார்களே? போட்டிருப்பார்கள்தான். அரண்மனைக்கு ஒரு வித்தைக்காரர் கிடைத்திருப்பார். அவ்வளவே.

பிறகு சோதனை மேல் சோதனை. பாலில் பலவகை நஞ்சைக் கலந்து கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். மிளகாய் வற்றல் அடைத்த அறைக்குள் பூட்டி நெருப்பு வைத்தார்கள். அடுப்பில் ஒரு மிளகாய் விழுந்தாலே வீடு முழுக்க இருமுகிறோம். இத்தனையிலும் அய்யாவின் திருமேனிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அகிலம் கூறுகிறது. கடைசியாகக் காட்டில் ஒரு புலியைப் பிடித்து வந்து பட்டினி போட்டு, அந்தக் கூண்டுக்குள் அய்யாவை விட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊர் திரண்டது. புலி அய்யாவின் முன் அடங்கிப் படுத்தது. ஒரு சேவகன் ஈட்டியால் குத்திப் புலியை உசுப்பினான். புலி ஈட்டியைக் கவ்விப் பிடித்தது. சேவகன் பலம் கொண்டமட்டும் இழுத்தான். புலி திடீரென்று விட்டது. ஈட்டியின் மறுமுனை பின்னால் நின்ற ஒருவர் மேல் பாய்ந்து அவர் உயிர் போனது. வேடிக்கை அத்தோடு நின்றது. பொழுதெல்லாம் கைபலத்தை நம்பி நின்ற கூட்டத்தில், கூண்டுக்கு வெளியே இருந்தவருக்குத்தான் ஆபத்து வந்தது.

திருவனந்தபுரத்தில் அய்யாவை அடைத்து வைத்த இடம் சிங்காரத்தோப்பு. நூறு நாளுக்கு மேல் அங்கே சிறை. புலிக்கூண்டைப் பற்றி நாம் ஆசையாகப் பேசுகிறோம், திருஏடு வாசிப்பில் அந்தப் பகுதிக்குக் கூட்டமும் கூடுகிறது. ஆனால் புலி ஒரு நாள் சோதனை. சிறை நாள்தோறும் வரும் சோதனை. விடிகிறது, அடைகிறது, மறுபடி விடிகிறது. ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கை தளர்வது புலி முன்னால் அல்ல, இந்த மாதிரி நாட்களில்தான். நோயாளியின் கட்டில் அருகே இருந்தவர்களுக்கும், மழைக்குப் பார்த்துக் கண்மாய் வறண்டு கிடக்கும் ஊர்க்காரர்களுக்கும் இது சொல்லாமலே தெரியும்.

அந்தச் சிறையிலும் மக்கள் வந்து பார்த்துப் போனார்கள். இவரை வைத்திருப்பதே தொல்லை என்று அரண்மனைக்கு ஆகிவிட்டது. கொன்றும் தீரவில்லை, அடைத்தும் அடங்கவில்லை. விட்டுவிட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓர் ஓலை எழுதிக் கொண்டு வந்தார்கள். இனித் தம் சொந்தச் சாதியாரோடு மட்டுமே பழகுவேன், மற்ற சாதியாரைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று அதில் இருந்தது. அதற்கு அய்யா ஒப்புக்கொண்டு கையொப்பம் வைத்தால் போதும், அப்போதே கதவு திறக்கும்.

இந்த ஓலையை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. அடியோ நஞ்சோ கெட்டது என்று பார்த்தவுடன் தெரியும். இது நல்லது போல வந்தது. சமாதானம் பேசுகிறவன் எத்தனை நியாயம் சொல்லியிருக்கலாம்! வெளியே மக்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். தாயார் இருக்கிறார். சொந்தச் சாதிக்கு நல்லது செய்ய யாரும் தடை சொல்லவில்லை. முதலில் வெளியே வந்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கையெழுத்துதானே! இன்றைக்கு நாம் ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த ஓலையை வாங்கிப் பார்த்திருப்போம். நிலப் பத்திரத்திலோ, வேலைக்குக் கொடுக்கும் கையூட்டிலோ, பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் இடத்திலோ, சின்னப் பொய் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் காரியம் முடிந்துவிடும் என்ற நிலை வரும். சாமி மேல் நம்பிக்கை உண்டு, ஆனாலும் நாம் கொஞ்சம் கை கொடுத்தால்தான் சாமிக்கும் முடியும் என்று மனது சொல்லும்.

அய்யா அந்த ஓலையை ஏற்கவில்லை. கிழித்துப் போட்டார். அரசன் விடும் நாளில் அல்ல, தாம் வெளியேற வேண்டிய நாளில் வெளியேறுவதாகத் தெரிவித்தார். அந்த நாள் மாசி 19. அதற்கு இன்னும் நாட்கள் இருந்தன. அந்த நாட்களையும் சிறைக்குள்ளேயே கழித்தார். ஓலை கிழிந்த அன்று இரவு சிறைக்குள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கதவு அதே கதவு, பூட்டு அதே பூட்டு.

ஓலையில் கையொப்பம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நினைக்கலாம். ஒரு சாதியின் சாமியாராக, ஒரு வட்டாரத்துப் பெரியவராக அய்யாவின் பெயர் நின்றிருக்கும். காணிக்காரரும், இடையரும், புலையரும், பறையரும் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள். இன்றைக்குப் பதியில் யார் வந்தாலும் ஒரே திருநாமம் நெற்றியில் இடுகிறோமே, அந்த ஒரே நாமம் அன்று சிறைக்குள் காக்கப்பட்டது.

கொல்லம் 1014 மாசி 19, 1839-ஆம் ஆண்டு. எந்த உறுதிமொழியும் வாங்காமல் அரசு அய்யாவை வெளியே விட்டது. மக்கள் வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்து சாமித்தோப்புக்குக் கொண்டு வந்தார்கள். போகும்போது முடியைப் பிடித்து இழுத்துப் போன அதே பாதை.

திரும்பி வந்த அய்யா மக்களையும் அதே பாடத்துக்குள் அனுப்பினார். துவையல் தவசு என்று நாம் சொல்வது அதுதான். 700 குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கடற்கரையில் வாகைப்பதிக்குப் போயின. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும். நாளைக்கு மூன்று வேளை கடல்நீரில் குளித்தார்கள், உடுத்த துணியைத் துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து ஒரு வேளை உணவு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். இவர்கள் நோய் வந்து சாவார்கள் என்றார்கள். பிறகு முட்டப்பதியிலும் தவசு தொடர்ந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அய்யா அந்த மக்களைச் சும்மா உட்கார்ந்து சாமி பார்த்துக்கொள்வார் என்று இருக்கச் சொல்லவில்லை. காலை முதல் மாலை வரை வேலைதான். குளிப்பது, துவைப்பது, சமைப்பது, பாடுவது, படிப்பது. உழைப்பு முழுக்க அவர்களுடையது. பலனைக் கணக்குப் பார்க்கும் வேலை மட்டும் அவர்களுடையது அல்ல. கடலைக்காய் விதைக்கிறவன் உழவில் குறை வைக்க முடியாது, ஆனால் மேகத்தை உழ முடியாது. வானம் பார்த்த பூமிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தவசு முடிந்து ஊர் திரும்பியவர்கள் பழைய ஆட்கள் அல்ல. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நடந்தார்கள். சாமித்தோப்பில் வெட்டிய முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்தார்கள், ஒரே நீரைக் குடித்தார்கள். செட்டிக்குடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழு ஊர்களில் அய்யாவே நிழல் தாங்கல்களை ஏற்படுத்தினார். உள்ளே சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கும்தான்.

சீடர்கள் ஐவரில் தாமரைகுளம் அரிகோபாலன் சீடருக்கு ஒரு தனிப் பணி வாய்த்தது. 1841-ல் உறக்கத்தில் இருந்த அவரை நாராயணர் எழுப்பி ஏட்டில் எழுத வைத்தார். அதுவே அகிலத்திரட்டு. புலமை தம்முடையது அல்ல, எழுதியது மட்டுமே தாம் என்று அவர் தம்மை ஒதுக்கிக்கொண்டு நின்றார். அந்த ஏடு ஏறக்குறைய நூறு ஆண்டு கையால் பிரதி எடுத்தே வாசிக்கப்பட்டு, 1939-ல்தான் அச்சேறியது.

கொல்லம் 1026 வைகாசி 21, திங்கட்கிழமை அய்யா வைகுண்டம் சென்றார். ஆங்கில ஆண்டு 1851. திருமேனி அடக்கமான இடமே இன்று சாமித்தோப்புத் தலைமைப்பதியின் பள்ளியறை. சுவாதித் திருநாள் மகாராஜா அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1846-ல் காலமாகியிருந்தார். அவர் தம்பி உத்திரம் திருநாள் அரசுக்கு வந்திருந்தார்.

அய்யா இருந்தவரை வரி முற்றிலும் ஒழியவில்லை. மேலாடைத் தடையும் நீங்கவில்லை. கலவரமும் கண்ணீரும் இன்னும் சில ஆண்டு நீண்டன. 1859-ல், அய்யா வைகுண்டம் சென்று எட்டாண்டு கழித்து, நாடார் பெண்கள் மேலே துணி போட்டு மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாணை பிறந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆணை ஆணைதான். சிங்காரத்தோப்புச் சிறைக்கு ஓலை அனுப்பிக் கையொப்பம் கேட்ட அதே திருவிதாங்கூர் அரசிடமிருந்து அது வந்தது.

அய்யா உண்டு